வலப்பக்கம் திரும்பாத ஹெண்டில்

அத்தியாயம் 9

முதல் குத்து பவிதரனின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது வயிற்றில் விழுந்தது. மூன்றாவது எங்கே விழும் என்று யோசிப்பதற்குள் அவன் சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் மல்லாக்கக் கிடந்தான். வானம் நன்றாகத்தான் இருந்தது. மூக்குத்தான் சரியில்லை.

"நான் இன்னும் வாயத் திறக்கவே இல்லையே அண்ணன்," என்றான் மணலைத் துப்பிக்கொண்டு. "திறந்த பிறகுதானே எல்லாரும் அடிக்கிறவங்க."

அடித்தவன் பெயர் ஸஹீத். ஜவுபர் முதலாளியின் மீன்பிடிப் போட்டுகளில் எஞ்சின் ஓட்டுகிறவன். எஞ்சின் பழுதானாலும் அவன்தான் பார்ப்பான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஆனால் அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்ததைப் பவிதரன் கீழே கிடந்தபடியே கவனித்தான். அடி வாங்கிக்கொண்டே கவனிப்பது அவனுடைய தொழில். அதற்குத்தான் ஸம்ஸியா அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறாள்.

"எழும்பு பவி. படுக்கிறத்துக்கு இதுவா நேரம்?" என்று கேட்டுவிட்டு ஸம்ஸியா ஸஹீத்தைச் சுற்றிக்கொண்டு மீன் வாடி என்ற கரையோரக் கொட்டிலுக்குள் நுழைந்தாள். நாற்பது வயது, கறுப்பு அபாயா, காலில் ஆண்கள் போடும் தோல் செருப்பு. முன்பு பொலிஸில் சார்ஜன்ட். இப்போது கல்முனையில் ஒரு சாறிக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். காரைதீவுக்காரனான பவிதரன் அங்கே ஓட்டோ சாரதி, எழுத்து வேலைக்காரன், அடிதாங்கி, எல்லாமே.

வாடிக்குள் ஐஸ் கட்டிகளின் குளிரும் மீன் நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நடுத்தூணில் முர்ஷித்தைக் கட்டி வைத்திருந்தார்கள். கல்முனையில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் அவன். இடது கண் மூடிப்போயிருந்தது. உதடு கிழிந்து, சேர்ட்டின் முன்பக்கம் முழுவதும் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிட்டது. பவிதரனுக்குத் தன் மூக்கைப் பற்றிப் புலம்பியது வெட்கமாகிவிட்டது.

தூணுக்கு எதிரே ஜவுபர் உட்கார்ந்திருந்தார். மையத்து அடக்கப் போனபோது உடுத்த வெள்ளைச் சாரன் இன்னும் இடுப்பில் இருந்தது. கபுறடிப் புதைகுழி மண் இன்னும் காலில் இருந்தது. மடியில் ஐஸ் கட்டி உடைக்கும் மரச்சுத்தியல்.

"ஆரு நீங்க?"

"ஸம்ஸியா. முர்ஷித்ட பொஞ்சாதி றுமானா அனுப்பினவ."

"சாறிக் கடைக்கு மேல ஒபிஸ் வச்சிரிக்கிற பொம்புளயா?"

"ஓம் முதலாளி," என்று பவிதரன் பின்னாலிருந்து சொன்னான். "சாறி எண்டா கீழ, உண்மை எண்டா மேல."

ஸஹீத் அவன் பிடரியில் ஒன்று வைத்தான். வாயைத் திறந்ததால் இது நியாயமான அடி என்று பவிதரன் ஒத்துக்கொண்டான்.

ஜவுபர் அசையவில்லை. "என்ட தம்பி இஹ்ஸான இண்டைக்கிச் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு அடக்கிட்டு வாறன். நேத்துக் காலையில நாவிதன்வெளிக்கு மீன் கொண்டு போனவன். வயல் பாதையில முடக்கு ஒண்டு இரிக்கி. அதுல கிறுகாம நேராப் போய் வாய்க்கால் மதகுல அடிபட்டு, அந்த இடத்திலயே மௌத்து. விபத்தெண்டு சொல்லிப் பைக்கத் தந்தானுகள். கொண்டு வந்து ஹெண்டிலத் திருப்பிப் பாக்கிறன், வலப்பக்கம் கிறுகுதில்ல. ஏன் கிறுகுதில்ல? இவன் பூட்டின சாமானால!"

சாமான் என்றது ஸ்டியரிங் டேம்பரை. ஒரு சாண் நீளக் குழாய், உள்ளே எண்ணெய், ஒரு தண்டு உள்ளே போய் வெளியே வரும். ஒரு முனையைப் பைக்கின் உடம்பிலும் மறு முனையை முன் சில்லைத் தாங்கும் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டும் பூட்டிவிட்டால், எவ்வளவு வேகத்தில் போனாலும் ஹெண்டில் உதறாது. பைக்கோடு வராது, வெளியில் வாங்கித்தான் பூட்ட வேண்டும். தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை இறுக்கினால் ஹெண்டில் பாரமாகும். வேகப் பிரியர்களுக்கு அது ஒரு நகை மாதிரி.

"அஸர் பாங்கு சொல்லட்டும்," என்றார் ஜவுபர், பின்னேரத் தொழுகைக்கான அழைப்பைச் சொல்லி. "அந்தப் பைக்கில கை வச்சவன்ட கை இனி ஸ்பேனர் புடிக்காது. இந்த ஐஸ் கட்டிக்கு மேல வச்சி ரெண்டையும் நொறுக்குவன். வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியம். பொலிஸக் கூப்பிட்டீங்க எண்டா கையோட நிக்கமாட்டன், தலையையும் சேத்து உடைப்பன்."

முர்ஷித் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸஹீத்தின் கூட்டாளி ஒருவன் அவன் வயிற்றில் முழங்காலை விட்டான். கட்டிப்போட்டவனை அடிக்கிறவர்களைப் பவிதரனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஆனால் அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவனிடம் இருந்தது ஒரு மூக்கு, அதுவும் உடைந்தது.

ஸம்ஸியா ஜவுபரின் முன்னால் குந்தி, மூத்த அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். "காக்கா, அஸர் வரைக்கும் எனக்கு நேரம் தாங்க. இந்தக் கைதான் செஞ்சதெண்டா நான் வழி மறிக்கமாட்டன். வேற கை எண்டா அந்தக் கைய உங்களுக்குக் காட்டுறன்."

"காட்டாட்டி?"

"பவிதரன்ட கையையும் சேத்து வச்சிக்கோங்க."

"அக்கா!"

ஜவுபர் தாடையால் வாடியின் பின்பக்கத்தைக் காட்டினார்.

பைக் அங்கே ஒரு போட்டின் நிழலில் சாய்ந்து கிடந்தது. முன் சில்லு அப்பளமாகியிருந்தது, லைட் நொறுங்கியிருந்தது. டேம்பரில் மட்டும் ஒரு கீறல் இல்லை. ஸம்ஸியா ஹெண்டிலை இடப்பக்கம் திருப்பினாள். முட்ட முட்டத் திரும்பியது. வலப்பக்கம் திருப்பினாள். விரல் அகலம் போய் டக்கென்று நின்றது. தண்டு குழாய்க்குள் முழுதாகப் புதைந்திருந்தது. இனி உள்ளே போக இடமில்லை.

அவள் கிளாம்பின் அடியில் சுண்டு விரலை விட்டு எடுத்தாள். நீல நிறத்தில் பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். பிறகு அதைப் பவிதரனின் தோளில் நன்றாகத் தேய்த்தாள்.

"அக்கா, இது புதுச் சேட்டு!"

"சாட்சிய வச்சிக்கொள்ள இடம் வேணும்." அவள் ஜவுபரிடம் திரும்பினாள். "நேத்து இஹ்ஸான் எங்க இருந்து வெளிக்கிட்டான்?"

"ஊட்டுல இருந்து இஞ்ச வந்தான். மீன் பெட்டியக் கட்டினான், தேத்தண்ணி குடிச்சான், போனான். நான் கடல்ல. ஸஹீத்தான் கரையில நிண்டவன்."

"பைக் எங்க நிண்ட?"

"இந்தப் போட்டுக்குப் பக்கத்தில," என்று ஸஹீத் சொன்னான். அவன் குரல் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் மெலிந்து வந்தது. "வடக்குப் பாத்து."

*

முர்ஷித்தின் கராஜ் இருந்த ஒழுங்கைக்குள் ஓட்டோ நுழையும்போதே உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஜவுபரின் ஆட்கள் இரண்டு பேர் அஸர் வரை பொறுக்க முடியாமல் கராஜுக்குக் கணக்குத் தீர்க்க வந்திருந்தார்கள். ஒருவன் இரும்புக் கம்பியால் அலுமாரியை நொறுக்கிக்கொண்டிருந்தான். மற்றவன் றுமானாவின் முந்தானையைப் பிடித்துச் சுவரோடு தள்ளி வைத்திருந்தான். அவள் கன்னம் ஒரு பக்கம் சிவந்து வீங்கியிருந்தது.

"பவி, கம்பிக்காரன் உனக்கு," என்றாள் ஸம்ஸியா.

"ஏன் எப்பவும் கம்பி எனக்கு?"

ஸம்ஸியா கூரையில் தொங்கிய பழைய சைலன்சர் குழாயை இழுத்தெடுத்து, றுமானாவைப் பிடித்திருந்தவனின் முழங்கால் மடிப்பில் ஒரு வீச்சு வீசினாள். அவன் மடிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவனின் தோள் எலும்பில் இரண்டாவது வீச்சு விழுந்தது. ஏதோ முறிந்த சத்தமும் அவன் அலறலும் சேர்ந்து வந்தன.

கம்பிக்காரன் பவிதரனின் தலையைக் குறி வைத்து வீசினான். பவிதரன் குனிந்தான்; கம்பி பின்னாலிருந்த டயர் அடுக்கில் பட்டு, போன வேகத்தில் திரும்பி வந்து வீசியவனின் நெற்றியையே பிளந்தது. இரத்தம் கண்ணில் வழிந்து தடுமாறியவனைப் பவிதரன் இரண்டு கையாலும் பிடித்து, கழிவு எண்ணெய் நிரம்பிய தகர வாளிக்குள் தலைகீழாக அமுக்கினான். துள்ளல் அடங்கும் தறுவாயில்தான் விட்டான். அவ்வளவு கோபம் தனக்குள் இருந்தது அவனுக்கே புதினமாக இருந்தது.

இருவரும் இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் ஒழுங்கையைத் தாண்டிய பிறகு ஸம்ஸியா றுமானாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ராத்தா," என்று றுமானா மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல அழுதாள். "அவர்ட கை போனா நாங்க சோத்துக்கு என்ன செய்யிற? புள்ள ரெண்டும் பள்ளிக்கூடத்தில இருந்து வந்து வாப்பா எங்க எண்டு கேக்குதுகள்."

"அழாத. ஒண்டு கேட்டாச் சொல்லு. இஹ்ஸான்ட பைக்குக்கு அந்தச் சாமானப் பூட்டக்குள்ள நீ நிண்டியா?"

"ஓம். போன கிழமை. இந்த முத்தத்திலதான் பூட்டின."

"பூட்டி முடிஞ்ச பொறகு?"

"எட்டு ஓட்டினான்." றுமானா முற்றத்து மணலைக் காட்டினாள். "ஹெண்டில்ல எந்த வேலை செஞ்சாலும் இவர் முத்தத்தில எட்டு ஓட்டிக் காட்டாம ஆரையும் கேட்டத் தாண்ட உடமாட்டார். லைசனுக்கு ஓட்டுற மாதிரி. இஹ்ஸான் சிரிச்சிச் சிரிச்சி ஓட்டினான். 'எனக்கு இப்பதான் லைசன் தாறீங்களோ' எண்டு கேட்டான்."

செத்துப்போன பிள்ளையின் சிரிப்பு அந்த முற்றத்தில் இன்னும் நின்றது மாதிரிப் பவிதரன் வேறு பக்கம் பார்த்தான்.

ஸம்ஸியா அவன் தோளைப் பிடித்து றுமானாவின் பக்கம் திருப்பினாள். "இந்த நீலக் கிறீஸ் உங்கட கராஜ்ல பாவிக்கிறதா?"

றுமானா குனிந்து பார்த்தாள். "இல்ல ராத்தா. எங்கட கிறீஸ் செம்மஞ்சள். இது எங்க இருந்த?"

"டேம்பர்ட கிளாம்புக்குக் கீழ."

"கிளாம்புக்குக் கீழ கிறீஸா? கிளாம்ப் புடிக்கிற இடத்தப் பெற்றோலால கழுவி, துடைச்சி, கை படாமத்தான் பூட்டுவார். எண்ணெய் பட்டா வழுக்கும் எண்டு சொல்லுவார். பைக் வேலை தெரிஞ்ச ஆரும் அதுல கிறீஸ் பூசமாட்டானுகள் ராத்தா!"

"அதத்தான் நானும் நினைச்சன்," என்று ஸம்ஸியா எழுந்தாள். "பவி, ஓட்டோவ எடு. இஹ்ஸான் போன பாதையில போகணும். வலப்பக்கம் எங்கெங்க கிறுகிற எண்டு மட்டும் பாரு."

*

இஹ்ஸானின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கினார்கள். கேட்டை விட்டு வெளியே வந்ததுமே வலப்பக்கம் ஒரு திருப்பம். பள்ளிவாசல் மூலையில் இன்னொன்று. பிறகு கடற்கரை வீதி.

"வாடிக்கு வந்து சேர முன்னம் ரெண்டு வலம்," என்றான் பவிதரன். "விரல் அகலம் கிறுகிற ஹெண்டிலால இதுல ஒண்டும் ஏலாது அக்கா. பள்ளிவாசல் மதில்ல நேரா ஏறியிருப்பான்."

"சரி. இப்ப வாடியில இருந்து போ."

வாடியின் பக்கத்தில் வண்டியை வடக்குப் பார்த்து நிறுத்திவிட்டுப் புறப்பட்டான். கொஞ்சத் தூரத்தில் இடப்பக்கம் ஓர் ஒழுங்கை. அதற்குள் திரும்பி நேரே போய், பிரதான வீதியைக் குறுக்கே கடந்தால் எதிரே வயல் பாதை. இரண்டு பக்கமும் கதிர் முற்றிய நெல் வேளாண்மை. காற்று முகத்தில் அடித்தது. பாதை கயிறு பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. இந்தப் பாதையில் எந்த இளந்தாரியும் மெதுவாக ஓட்டமாட்டான். பவிதரனின் கிழட்டு ஓட்டோவே இங்கே கொஞ்சம் இளமையாகிவிட்டது.

அப்போதுதான் முடக்கு வந்தது. வாய்க்கால் மதகோடு பாதை சட்டென்று வலப்பக்கம் ஒடிந்தது. பவிதரன் ஹெண்டிலை வலப்பக்கம் ஒடித்தான். ஒடித்த கை அப்படியே உறைந்தது. ஓட்டோவை நிறுத்திவிட்டான்.

"அக்கா," என்றான். "வாடியில இருந்து இதுதான் முதல் வலம்."

மதகின் சீமெந்துக் கட்டு உடைந்து கிடந்தது. கட்டில் இரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது. சிதறிய மீன்களைக் காகங்கள் கொத்தி முடித்து முள்ளை மட்டும் விட்டிருந்தன. வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் ஒற்றைச் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஹெண்டிலை இழுத்திருப்பான், அது வந்திருக்காது, ஏன் வரவில்லை என்று நினைத்து முடிப்பதற்குள் சுவர் வந்திருக்கும்.

"வாடிக்கு வரக்குள்ள ஹெண்டில் நல்லாக் கிறுகியிருக்கு," என்றான் மெதுவாக. "வாடிய விட்டுப் போகக்குள்ள கிறுகல்ல. தேத்தண்ணி குடிச்ச நேரத்திலதான் ஆரோ கை வச்சிருக்கான்."

"இன்னும் சொல்லு."

"கை வச்சவனுக்குப் பைக் வேலை தெரியாது. தெரிஞ்சவன் கிளாம்புல கிறீஸ் பூசமாட்டான்."

"பின்ன ஆரு பூசுவான்? தொட்ட நட்டு எல்லாத்துக்கும் கிறீஸ் பூசாம உடாதவன் ஆரு?"

பவிதரன் தன் தோளைப் பார்த்தான். நீலக் கறை வெயிலில் மினுங்கியது. உப்புக் காற்றில் நாள் முழுக்க நிற்கும் போட்டு எஞ்சின். ஒரு நாள் சும்மா விட்டால் நட்டுத் துருப்பிடித்துப் போகும். போட்டுக்காரன் எந்த நட்டை இறுக்கினாலும் கடைசியில் விரலால் கிறீஸை வழித்து ஒரு பூச்சுப் பூசிவிட்டுத்தான் எழும்புவான். யோசித்துச் செய்யும் வேலை அல்ல அது, கை தானாகச் செய்வது.

"அழுதுகொண்டு அடிக்கிறான் எண்டு அப்பவே நினைச்சன்," என்றான் பவிதரன்.

தூரத்து ஊருக்குள் ஏதோ ஒரு பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இருவரும் ஓட்டோவுக்குப் பாய்ந்தார்கள்.

*

அவர்கள் வாடிக்குள் ஓடி வந்தபோது முர்ஷித்தின் கட்டை அவிழ்த்து, வலது கையை ஐஸ் கட்டியின் மேல் விரித்து வைத்திருந்தார்கள். இரண்டு பேர் அவன் தோளை அமுக்கினார்கள். மணிக்கட்டைப் பிடித்திருந்தவன் ஸஹீத். ஜவுபர் சுத்தியலோடு நின்றார்.

"பாங்கு இன்னும் சொல்லல்ல காக்கா!" என்று கத்தினாள் ஸம்ஸியா.

"சொல்லப் போறான். கையக் காட்டு."

"காட்டுறன். இப்ப முர்ஷித்ட கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற கைதான் அது."

ஸம்ஸியா மூலையில் எஞ்சின் சாமான் பெட்டிக்கு மேலிருந்த தகரப் பேணியை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே நீலக் கிறீஸ். பவிதரனின் சட்டையைப் பிடித்து இழுத்து அவன் தோளைப் பேணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பவிதரன் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் தோளைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"கிளாம்புக்குக் கீழ இருந்த கிறீஸ் இது. வாடிக்கு வாற வழியில இஹ்ஸான் ரெண்டு தரம் வலப்பக்கம் கிறுகியிரிக்கான். போற வழியில முதல் வலம் அந்த முடக்கு. நடுவுல அவன் நிண்ட ஒரே இடம் இந்த வாடி. நீங்க கடல்ல. கரையில நிண்டது ஆரு?"

ஜவுபரின் தலை மெதுவாக ஸஹீத்தின் பக்கம் திரும்பியது. ஸஹீத் முர்ஷித்தின் கையை விட்டுவிட்டான்.

சுத்தியலை எறிந்துவிட்டு ஜவுபர் வெறுங்கையால் பாய்ந்தார். முதல் அடியிலேயே ஸஹீத்தின் பல் ஒன்று ஐஸ் கட்டியில் தெறித்தது. அவ்வளவு பெரிய உடம்பு கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. விழுந்தவனின் விலாவில் ஜவுபர் உதைத்தார், முகத்தில் உதைத்தார், தலைமயிரைப் பிடித்துத் தூக்கித் தூணில் மோதினார். "என்ட தம்பிய! உன்ட கையால சோறு தின்டவன! ஏன்டா? ஏன்டா கொன்டாய்?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மோதல். தூணில் முர்ஷித்தின் இரத்தத்துக்கு மேலே ஸஹீத்தின் இரத்தம் வழிந்தது. பவிதரன் பின்னால் போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவர் முழங்கை அவனுடைய மூக்கை இரண்டாம் தடவை உடைத்தது. அவன் விடவில்லை. ஸம்ஸியா முன்னால் புகுந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"கேட்டீங்கதானே! பதில் சொல்ல அவனுக்கு வாய மிச்சம் வைங்க!"

ஸஹீத் தூணின் அடியில் சரிந்து உட்கார்ந்தான். வாயிலிருந்து இரத்தம் கோடாக இறங்கியது. அவன் ஸம்ஸியாவைப் பார்க்கவில்லை.

"நீங்கதானே காக்கா சொன்னீங்க," என்றான்.

"என்னத்தடா?"

"முந்தநாள் கடலுக்கு வெளிக்கிடக்குள்ள. போட்டுல ஏறி நிண்டு சொன்னீங்க. 'அந்தச் சாமான் பூட்டினதில இருந்து இவன் பறக்கிறான், உம்மா ராவும் பகலும் அழுறா. நான் வாறத்துக்குள்ள அத இறுக்கி உடுடா. ஹெண்டில் பாரமானா அடங்குவான்' எண்டு சொன்னீங்க."

ஜவுபரின் உடம்பு பவிதரனின் கைக்குள்ளேயே தளர்ந்தது. பவிதரனுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"திருகத்... திருகத்தானே சொன்னன். அந்தத் தலையில இரிக்கிற திருக."

"திருகினன் காக்கா. பாரமாகல்ல. எங்கட எஞ்சின் ஹெண்டில இறுக்கினா வச்ச இடத்தில நிக்கும்தானே, இதுவும் அப்படித்தான் எண்டு நினைச்சன். கிளாம்பக் கழட்டித் தண்ட உள்ளுக்குத் தள்ளி வச்சி இறுக்கினன். வலப்பக்கம் போட்டு நிண்டிச்சி, திருப்பிப் பாக்க இடமில்ல. இடப்பக்கம் திருப்பிப் பாத்தன். பாரமா, நல்லா இருந்திச்சி. 'இண்டைக்கி மெதுவாப் போ மனே' எண்டு சொல்லி நான்தான் பெட்டியக் கட்டி உட்டன்."

"கிறீஸ் ஏன்டா பூசின?"

"தொட்ட நட்டச் சும்மா உடாத எண்டு நீங்கதான் காக்கா எனக்குப் பழக்கின."

ஸம்ஸியா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கடல்ல ஹெண்டில் இறுகினா போட்டு நேராப் போகும். நேராப் போறது அங்க நல்லம். ரோட்டுல அப்படி இல்ல. ரெண்டு பேருக்கும் அது தெரியல்ல."

பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. ஊரின் எல்லாப் பள்ளிவாசல்களிலிருந்தும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து வாடிக்குள் நிறைந்தது. ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள். முர்ஷித் தன் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இதெல்லாம் உண்மைதானா என்று புரியாமல் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜவுபர் பவிதரனின் பிடியை விலக்கினார். பவிதரன் தடுக்கவில்லை, அதற்காக அவன் பிறகு பல நாள் தன்னையே ஏசிக்கொண்டான். ஜவுபர் குனிந்து சுத்தியலை இடது கையால் எடுத்தார். வலது கையை ஐஸ் கட்டியின் மேல் விரித்து வைத்தார்.

"வல்லாஹி எண்டு சொன்னன்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "கை வச்சவன்ட கை எண்டு சொன்னன். வைக்கச் சொன்னது நான்தான்."

"காக்கா, வேணாம்!"

சுத்தியல் இறங்கியது. சுள்ளி முறிந்த மாதிரிச் சத்தம் கேட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் இருக்கக்கூடாத திசையில் மடிந்து கிடந்தன. ஐஸில் இரத்தம் ரோஜா நிறத்தில் பரவியது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலை மறுபடி ஓங்கினார். ஸம்ஸியா பாய்ந்தாள், பவிதரன் பாய்ந்தான், ஸஹீத் தரையில் தவழ்ந்து அவர் காலைப் பிடித்தான்.

அவர்களுக்கு முன்னால் ஓங்கிய சுத்தியலைப் பிடித்தது முர்ஷித். கயிறு அறுத்த மணிக்கட்டோடு, விரல்கள் சரியாக மடங்காமலே, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். காலையிலிருந்து அவனை ஒரு வார்த்தை பேச யாரும் விட்டிருக்கவில்லை.

"உடுங்க காக்கா," என்றான். கிழிந்த உதட்டால் சொற்கள் நசுங்கி வந்தன. "இஹ்ஸானுக்கு துஆக் கேக்க ரெண்டு கையும் வேணும்."

ஜவுபர் அவனையே பார்த்தார். சுத்தியல் கையிலிருந்து நழுவியது. முழங்காலில் விழுந்தார். நொறுங்கிய கையையும் நல்ல கையையும் ஒன்றாகச் சேர்த்து, இறைவனிடம் இரந்து கேட்க நெஞ்சுக்கு நேராக ஏந்தினார். முறிந்த விரல்கள் விரியவில்லை. முழங்கை வரை இரத்தம் வழிந்தது. "யா அல்லாஹ், என்ட தம்பி..." என்று தொடங்கினார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கைகளை மட்டும் கீழே போடாமல் வைத்திருந்தார்.

ஸம்ஸியா தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தாள். பொலிஸின் இலக்கத்தையும் அழுத்தி வைத்திருந்தாள். ஆனால் அவர் அந்தக் கைகளை இறக்கும் வரைக்கும் அவள் அழைக்கவில்லை.